கதிரவனும் காவற்கருவியும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் வளாகத்தில் கதிரொளியால் மின்சாரம் ஆக்கும் பலகைகள் அமைக்கப்பெற்றன. இன்று அவ்வட்டாரத்து வீட்டுக் கூரைகளிலும் அத்தகைய பலகைகளைக் காண்கின்றோம். பகலில் ஆக்கிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க, பலகைக்கும் மின்கலத்துக்கும் இடையே ஒரு காவற்கருவி வேண்டும். ‘சார்ஜ் கண்ட்ரோலர்’ எனப்படும் அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்ல விரும்புகின்றேன்.

மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால், அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். அதே கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கில் ஒரு பங்காகும். ஆதலால் பலகைகளைத் தொடராக இணைக்கின்றனர்.

ஆயின் எல்லை ஒன்று உண்டு. பலகையின் சீட்டில் 45 வோல்ட் என்றிருப்பின், அது 25 பாகை செல்சியஸில் சுமையின்றி அளந்த அளவு. ஒரு பாகை குளிர்ந்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 0.3 பங்கு ஏறும். செங்கற்பட்டில் மார்கழி விடியலில் 15 பாகை எனக் கொள்வோம். மூன்று பலகைகளின் 135 வோல்ட் அப்பொழுது 139 ஆகும். 150 வோல்ட் தாங்கும் கருவி இதற்குப் போதும். நான்காவது பலகையைத் தொடுத்தால் 185 ஆகி, அக்கருவி கெடும். 250 வோல்ட் தாங்குவதே அதற்கு ஏற்றது.

இவ்வழுத்தம் உயிருக்கும் ஊறு செய்யும். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும் கடலோரத்தில், அவற்றைப் பயின்ற மின்பணியாளரே தொடுதல் வேண்டும்.