ஷிப்ட் மாறுகிறது, உடம்பு மாற வேண்டாமா?

கோவை மில்களில் பகல், அரை நைட், முழு நைட் என்பார்கள். ஒரகடம், ஓசூர் பக்கம் ஏ, பி, சி ஷிப்ட். பல இடங்களில் வாரத்துக்கு ஒருமுறை நேரம் மாறிவிடும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் மூத்தவர்கள், "போகப் போகப் பழகிடும்" என்பார்கள். அது பாதிதான் உண்மை. உடலின் கடிகாரம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். எட்டு மணி நேர மாற்றத்துக்கு அது ஒரு வாரம் கேட்கிறது. அது பழகி முடிப்பதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது. பழக முடியாமல் தவிப்பவரை 'வேலைக்கு லாயக்கில்லாதவர்' என்று சொல்வது அநியாயம்.

அந்தக் கடிகாரத்தை அதிகம் அசைப்பது வெளிச்சம். காலை ஆறு மணிக்கு முழு நைட் முடித்து வருபவரைப் பாருங்கள். கேட் வாசல் கடையில் ஒரு டீ. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட், முகத்தில் நேராக வெயில், கையில் செல்போன். அறைக்குப் போய்ப் படுக்கும்போது, 'பொழுது விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று மூளைக்குச் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். இரவெல்லாம் உழைத்தவருக்குத் தூக்கம் வராமல் போவது இப்படித்தான்.

திரும்பும் வழியில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். டீ, காபியை இரவு இரண்டு மணியோடு நிறுத்துங்கள். அவற்றின் வீரியத்தில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் ஐந்து மணி நேரம், வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் என்று தூக்கத்தைப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை. படுத்த பிறகும் மனசு ஓடிக்கொண்டிருந்தால், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். பத்து நிமிடம் போதும். எந்த ஷிப்ட் ஆனாலும் இதை விடாமல் செய்தால், படுக்கும் நேரம் மாறினாலும் 'இனி தூக்கம்' என்று உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும், மறுபடி 2019இலும், இரவுப் பணியைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டலாம். இன்சுலின் போடுபவர்கள், ஷிப்ட் மாறும் வாரத்தில் எப்போது போட வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முழு நைட் முடிந்து கண் சொருகும்போது பைக்கை எடுக்கவே கூடாது. 'எங்கள் மூச்சுப் பயிற்சியில் சர்க்கரை போய்விடும், மாத்திரையை விட்டுவிடு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நிர்வாகம் யோகா வகுப்பு வைத்தால் நல்லது, போய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஷிப்ட் பட்டியலில் உள்ள கோளாறை மூச்சுப் பயிற்சி சரிசெய்யாது. அதற்குச் சட்டம் இருக்கிறது.

வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேற்பட்ட ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் சரி, 2020இல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் சரி, இதையே சொல்கின்றன. பலருக்குத் தெரியாத ஒன்றும் இவற்றில் இருக்கிறது: நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்கு வார விடுமுறை என்பது, ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து முழுசாக 24 மணி நேரம். ஞாயிறு உங்கள் வார விடுமுறையாக இருந்து, அன்று காலை ஆறு மணிக்கு நைட் முடிந்தால், திங்கள் காலை ஆறு மணிவரை விடுமுறைதான். ஞாயிறு இரவு பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லிவிட்டு, 'பகலெல்லாம் வீட்டில்தானே இருந்தாய்' என்று சூப்பர்வைசர் சொன்னால், அது விடுமுறைக் கணக்கில் சேராது. நிலையாணைகளில் இல்லாத விதமாக ஷிப்ட் முறையையே மாற்றுவதானால், 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையில் ஷிப்ட் முன்னோக்கிச் சுழன்றால் உடம்பு எளிதாகத் தாங்கும். தலைகீழாகச் சுழன்றால் சிரமம். இதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் கேட்கலாம், நிர்வாகத்துக்குப் பெரிய செலவும் இல்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர், நிர்வாகம் இரு தரப்பும் உட்காரும் பணிக்குழு அமைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சங்கம் மூலமாகவோ அந்தக் குழுவிலோ முதலில் பேசுங்கள். பலிக்கவில்லையென்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். போர்டில் ஒட்டிய ஷிப்ட் பட்டியலின் போட்டோ, பஞ்ச் நேரம், சம்பளச் சீட்டு மூன்றையும் சேர்த்து வையுங்கள். புகாரின் ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பு நிஜமாகவே தளர்ந்துவிட்டால் இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பாருங்கள். சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், அவர் தரும் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை, சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். மனம் தளர்ந்து, வேலைக்குக் கிளம்பவே பயமாக இருந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவுபகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.