சுண்ணாம்பு படிந்த கால்கள்

1898-ஆம் ஆண்டில் ஸ்பெயினோடு அமெரிக்கா போர் தொடுத்தபோது, பகைவரின் குண்டுக்கு இரையான அமெரிக்க வீரர்களைக் காட்டிலும், கடல் கடக்காமல் தம் தேசத்து முகாம்களிலேயே விஷ ஜுரம் என்னும் டைபாய்டு கண்டு மாண்டவர்கள் பன்மடங்கு அதிகமாயிருந்தார்கள். காரணம் ஆராய நியமிக்கப்பட்ட வால்டர் ரீட் முதலிய மூவர், சுண்ணாம்புத் தூள் தூவிய மலக்குழிகளிலிருந்து எழுந்த ஈக்கள், வெண்மை படிந்த கால்களுடனேயே போஜனக் கூடாரத்து உணவின்மேல் உலாவியதைக் கண்டறிந்தார்கள். ஆயினும் அவர்கள் நிதானம் தவறவில்லை. பழி முழுவதையும் ஈயின் தலையில் சுமத்தாமல், மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றியதையும் எடுத்துரைத்தார்கள்.

வீட்டு ஈ கடிப்பதில்லை. கடிக்க அதற்குப் பல்லுமில்லை, ஊசியுமில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் தங்கி வளர்ந்தாக வேண்டும். சீதபேதி, வாந்திபேதி, விஷ ஜுரம் ஆகியவற்றின் கிருமிகளுக்கோ ஈ வெறும் சுமைகூலிதான். ஆனால் அந்தக் கூலியின் போஜன முறை இருக்கிறதே, அதுதான் விபரீதம். நுனியில் பஞ்சுபோன்ற மெத்தையுடைய அதன் வாய் திரவத்தை மட்டுமே உறிஞ்ச வல்லது. ஆகவே சர்க்கரைத் துணுக்கு ஒன்றைக் கண்டால், உமிழ்நீரோடு, முன்பு எங்கோ உண்டு வயிற்றின் ஒருபுறத்துப் பையில் சேமித்த திரவத்தையும் அதன்மேல் கக்கி, கரைத்து, பிறகு உறிஞ்சுகிறது. உண்ணும்போதே அடிக்கடி மலமும் கழிக்கிறது. நாம் எச்சில் பார்க்கும் ஜாதியினர். நம் தட்டில் இத்தனையும் நடப்பதை அறிந்தால் என்ன சொல்வோமோ!

உட்கார்ந்தவுடன் அது முன்னங்கால்களைக் கூப்பித் தேய்ப்பது பக்தியால் அன்று. பாதங்களில் சுவையறியும் மயிர்கள் உண்டு. அவற்றில் அழுக்கேறினால் சுவை தெரியாது. இவ்வளவு சுத்தம் பார்த்தும் நமக்குப் பயனில்லை. ஏனெனில் காலில் ஒட்டிய கிருமிகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் உலர்ந்து மடிய, குடலுக்குள் புகுந்தவை நாட்கணக்கில் பிழைத்திருக்கின்றன. சீதபேதியை விளைவிக்கும் அமீபா, கெட்டியான உறைக்குள் ஒடுங்கியிருக்கும் நிலையில், ஈயின் குடலைக் கடந்து உயிரோடு மலத்தில் வெளிவருகிறது. முகாமில் சுண்ணாம்பு காட்டிக்கொடுத்தது கால்களை மட்டுமே. குடலின் கதையை அறிய விரும்புவோர் தம் வீட்டு விளக்குக் கம்பியை உற்றுப் பார்க்கலாம்: அதிலுள்ள புள்ளிகளில் கறுத்தவை மலம், வெளிறியவை கக்கல்.