சுற்றி வருவோர்

வீட்டில் பூனை வளர்ப்பது பற்றி நம்மிடம் மஸ்அலா கேட்போர் பெரும்பாலும் இரண்டையே கேட்கின்றனர். அதன் முடி உடையில் ஒட்டியிருந்தால் தொழுகை கூடுமா? அது வாய் வைத்த நீரில் ஒளூச் செய்யலாமா? இரண்டும் கேட்கத்தக்க வினாக்களே. முடி ஹனஃபி மத்ஹபில் சுத்தமானது. ஷாஃபிஈ மத்ஹபில் சிறிதளவாயின் மன்னிக்கப்பட்டது. ஆயினும், வீடு மாறுகையில் பூனையை விட்டுச் செல்லலாமா, ஈன்ற குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன்கடைத் தெருவில் விட்டு வரலாமா எனக் கேட்டு வந்தவர் மிக அரிது. நீரைப் பற்றிய வினாவுக்கு விடை தரும் ஹதீஸே கேட்கப்படாத இந்த வினாவுக்கும் வழி காட்டுகிறது.

அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்வதற்காக அவர்களின் மருமகள் கப்ஷா அம்மையார் நீர் எடுத்து வைத்தார். பூனையொன்று குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து நோக்கவே, பூனை அசுத்தமன்று என்றும், அது உங்களைச் சுற்றி வருவோரைச் சேர்ந்தது என்றும் நபி (ஸல்) அவர்கள் மொழிந்ததை எடுத்துரைத்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இங்கே வந்துள்ள சொல் 'தவ்வாஃபீன்'. அரபு இலக்கணத்தில் இது அறிவுடையோர்க்கு உரிய பன்மை; தமிழ் மரபில் சொல்வதாயின் உயர்திணைப் பன்மை. 'சுற்றி வருவன' என்னாமல் 'சுற்றி வருவோர்' என்றாற்போல. இதே சொல்லைத் திருக்குர்ஆனின் 24:58ஆம் வசனம் ஆள்கிறது. அங்கே அது குறிப்பது வீட்டு அடிமைகளையும் பருவமடையாச் சிறாரையும். மூன்று வேளைகளில் மட்டும் அவர்கள் அனுமதி பெற்று உள்ளே வரவேண்டும். மற்ற நேரங்களில் தடையில்லை, அவர்கள் உங்களைச் சுற்றி வருவோர் என்கிறது வசனம். குடும்பத்தாரைக் குறித்த சொல் பூனைக்கும் வழங்கப்பட்டது தற்செயலன்று. தவிர்க்கவியலாத நெருக்கமே இரு சலுகைகளுக்கும் காரணம்.

ஃபிக்ஹு நூலாசிரியர்கள் இவ்வுறவைப் பாட அமைப்பிலேயே காட்டியுள்ளனர். கால்நடைக்குத் தீனி கொடுக்கும் கடமையை அவர்கள் வாணிபப் பாடத்தில் வைக்கவில்லை. 'நஃபகாத்' என்னும் பராமரிப்புச் செலவுப் பாடத்தில் வைத்தனர். மனைவி, மக்கள், பெற்றோர், அடிமை என வரிசையாகச் சென்று இறுதியில் பிராணி வருகிறது. இமாம் நவவியின் மின்ஹாஜிலும் இதுவே வரிசை. பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஃபத்ஹுல் முஈனும் அவ்வாறே செல்கிறது. அப்பகுதியின் நுணுக்கம் நமக்கு எப்போதும் வியப்பளிப்பது. கன்றுக்குக் கேடு வருமளவு கறத்தல் கூடாது. மடியில் சிறிது பால் எஞ்ச விடுதலும் கறப்பவர் நகங்களைக் களைந்துகொள்ளுதலும் ஸுன்னத்து. தேனெடுப்பவர் தேனீக்களுக்கெனச் சிறிது விட்டுவைக்க வேண்டும். வேட்டைக்கோ காவலுக்கோ வைத்துள்ள நாய்க்கும் உணவு கடமையே; நாயின் ஈரம் கடும் அசுத்தம் எனக் கூறும் மத்ஹபின் தீர்ப்பு இது என்பதை மறந்துவிடலாகாது. அசுத்தம் வேறு, உரிமை வேறு.

உரிமையாளர் தீனி தர மறுத்தால்? உண்ணத்தகும் பிராணியாயின் விற்கவோ, தீனி தரவோ, அறுக்கவோ அவரை நிர்ப்பந்திக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ தீர்ப்பு. ஹனஃபி மத்ஹபில் அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கடமை, காழி வற்புறுத்துவதில்லை என்பது பிரபலமான கருத்து. இமாம் அபூயூஸுஃப் அதனை ஏற்காமல், வற்புறுத்தவே வேண்டும் என்றார். காழியின் அதிகாரத்தில்தான் வேறுபாடு, கடமையில் வேறுபாடில்லை. ஹி. 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், முதுமையாலோ நோயாலோ பயனற்றுப்போன பிராணிக்கும் செலவிட வேண்டும் என எழுதினார். பால் வற்றியதும் பசுவைத் தெருவில் அவிழ்த்துவிடுவோர் இதனைக் கவனிக்கட்டும்.

அவிழ்த்து விடுதலுக்கு நூல்கள் இடம் தராமலில்லை. தானே மேய்ந்து பழகியதாயும் அம்மேய்ச்சல் அதற்குப் போதுமானதாயும் இருத்தல் வேண்டும், இவ்விரு நிபந்தனைகளோடுதான். பால்குடி மறவாத குட்டிகளிடம் முதல் நிபந்தனையே இல்லை. ஆண்டுக்கணக்கில் நம் தட்டுச் சோற்றில் வளர்ந்த பூனையை அறியாத தெருவில் இறக்கிவிடும்போது இரண்டாவது நிறைவேறும் என்று யாரும் உறுதி கூற இயலாது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் மடியவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் யாவரும் அறிவோம். அவள் உணவும் அளிக்கவில்லை, பூச்சி புழுக்களைத் தேடித் தின்ன விடவுமில்லை என்கிறது அது. விடுதலை பிழைக்க வழியுள்ள விடுதலையாக இருத்தல் வேண்டும் என்பது அதிலேயே அடங்கியுள்ளது. ஆதலின், வளர்க்க இயலாதவர் வளர்க்கக் கூடிய வீட்டைத் தேடி ஒப்படைப்பதே கடமையிலிருந்து நீங்கும் வழி என்பது நம் கருத்து. அத்தகைய வீடு கிடைக்கும்வரை தீனிச் செலவு அவரையே சாரும்.