மூன்றாவது புதன்கிழமை வண்டி

எங்கள் வண்டியில் சைரன் கிடையாது. மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, விருதுநகர் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் பொதுவாக வந்து நிற்கும். ஒரு டாக்டர், செவிலியர் நான், மருந்து எடுத்துக் கொடுப்பவர், டிரைவர். உள்ளே பிரஷர் கருவி, சர்க்கரை பார்க்கும் மெஷின், புண் கட்டும் சாமான், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலிருந்து வந்த மாத்திரைப் பெட்டிகள். இதற்குப் பெயர் நடமாடும் மருத்துவமனை.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகப் படகேறி வந்தவர்கள் தமிழ்நாடு முழுக்கப் பிரித்துக் குடியமர்த்தப்பட்டார்கள். 2021 கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ‘அகதிகள் முகாம்’ என்பது ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. முதல் அலையில் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கே இப்போது நாற்பது தாண்டிவிட்டது. எனவே வாந்திபேதிக்கும் சிரங்குக்கும் மருந்து கேட்டு வருவோர் குறைவு. வரிசையில் பாதிப்பேர் பிரஷர், சர்க்கரைக்காரர்கள்தான்.

பிரஷர் வலிக்காது. அதுதான் வம்பு. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடுவார்கள். என்றாவது ஒருநாள் கை கால் இழுத்துக்கொள்ளும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை இலவசம்தான். ஆனால் போய்வரப் பஸ் காசும் ஒருநாள் கூலியும் போகுமே! வண்டி தேதி தவறாமல் வந்தால் மாத்திரையும் தவறாது. எத்தனை கருவி வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

எங்கே நிறுத்துவது என்பதில் முதலில் பெரிய இழுபறி. முகாமுக்குள் நிறுத்தினோம், ஊர்க்காரர்கள் வரவில்லை. வெளியாள் உள்ளே போக அனுமதி கேட்கவேண்டிய இடம் அது. “அவுகளுக்கு மட்டும் வண்டி வருது” என்ற பேச்சும் கிளம்பியது. பிறகு ரேஷன் கடைக்கு எதிரே மாற்றினோம். ஒரே டோக்கன், ஒரே வரிசை.

“மிஸ், நாரி உளையுது. ராவிலை நித்திரையே இல்லை.” மன்னாரிலிருந்து வந்த ஆச்சி இடுப்பு வலியை இப்படிச் சொல்லி ஆரம்பிப்பார்.

“நர்சம்மா, எனக்கு முதல்ல பாரு தாயி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று பின்னாலிருந்து ஊர்க்காரப் பாட்டி குரல் கொடுப்பார்.

“ஆச்சிக்குப் பிறகுதான் நீங்க. உட்காருங்கம்மா.”

இரண்டு பக்கத்துக்கும் கூலி வேலைதான். முகாம் ஆண்களில் பலர் பெயின்டர்கள்; முதுகுவலி, இளைப்பு, சாரத்திலிருந்து விழுந்த காயம். ஊரில் பாதி வீடு பட்டாசு, தீப்பெட்டி வேலை. குனிந்தே இருந்து பிடித்துக்கொண்ட தோள், ஆறாத இருமல். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனை. ஸ்கேன், அறுவை சிகிச்சை என்றால் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான உச்சவரம்பு இல்லை என்பது அங்கேயே பலருக்குத் தெரியாது. அதைச் சொல்வதும் எங்கள் வேலையாகிவிட்டது.

யார் மாத்திரையை நிறுத்தினார்கள், யாருக்கு நாள் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் முகாம் பெண்கள் வழியாகத்தான் எங்களுக்குத் தெரியவரும். சந்திரகாசன் என்பவர் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற தொண்டு அமைப்பு முகாம்களுக்குள்ளிருந்தே சுகாதாரத் தொண்டர்களைத் தயார் செய்தது. அப்படிப் பழகிய ஒருத்தி பக்கத்தில் நின்றால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

2021 ஆகஸ்டில் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் நோய் இருப்பதே தெரியாதவர் பெயர் அந்தத் திட்டத்தின் பட்டியலில் எப்படி ஏறும்? முதலில் யாராவது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்க்கவேண்டும். ஆனால் எங்கள் வண்டி வரும் புதன்கிழமை பத்து மணிக்குப் பெயின்டர் சாரத்தில் இருப்பார், பட்டாசுக்காரர் ஷெட்டில் இருப்பார். வரிசையில் பெண்களும் கிழவர்களுமே. புருஷன் வரமாட்டார், அவர் சீட்டை மனைவி கொண்டுவருவார்.

ஞாயிறு காலை ஒருமுறை போய்ப் பார்த்தோம். ஆண்கள் கைலியோடு வந்து நின்றார்கள். முதல்முறை பிரஷர் பார்த்துக்கொண்டவர்கள் அவர்களில் நிறைய. ஞாயிறையே நிரந்தரமாக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டிரைவருக்கு ஈடுசெய் விடுப்பு எந்தக் கணக்கில் என்ற கேள்வியோடு அந்தக் கடிதம் திரும்பி வந்தது.