நிறுத்த முடியாத சூடு

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், தம்பி. விக்ரம் லேண்டர் ஏன் திரும்ப எழவில்லை என்று கேட்டாயே. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய சந்திரயான்-3-இன் லேண்டர் அது, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. சூரியத் தகடுதான் அதற்கு ஆதாரம். ஒரு நிலவுப் பகலுக்கென்றே செய்தது. அங்கே இரவு நம் கணக்கில் பதினான்கு நாள். மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழே போகும் அந்தக் குளிரைத் தாங்க லேண்டரில் வழி இல்லை. மேலே சுற்றிய உந்துகலத்தில் மட்டும் பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த இரண்டு கதிரியக்க வெப்பமூட்டிகளைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். தலா ஒரு வாட்.

நம் உத்திரமேரூருக்குக் கிழக்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறதே, அதையே சின்னதாகச் செய்து அனுப்பினால் என்ன என்கிறாய். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டிலும் நடப்பது வேறு வேறு. கல்பாக்கத்தில் நியூட்ரான் மோதி யுரேனியம் பிளக்கிறது. அதிலிருந்து கிளம்பும் நியூட்ரான் அடுத்ததைப் பிளக்கிறது. அந்தச் சங்கிலியை நாம் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். அங்குள்ள கனநீர் உலை ஒவ்வொன்றும் 220 மெகாவாட். கதிரியக்க வெப்பமூட்டியிலும், அதே வகைச் சூட்டை மின்சாரமாக்கும் கதிரியக்க மின்கலத்திலும் சங்கிலியே கிடையாது. புளூட்டோனியம்-238 தானாகச் சிதைந்து, கிராமுக்கு அரை வாட்டுக்குச் சற்று மேல் சூடு தரும். சுமார் 88 ஆண்டில் அது பாதியாகும். அந்தச் சூட்டில் நூற்றுக்கு ஆறேழு பங்குதான் மின்சாரமாகும். 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலத்துக்கு அப்போதே 470 வாட்தான். வீட்டு மிக்சிக்கே பற்றாது.

ஆபத்தும் அப்படியே வேறுபடும். புளூட்டோனியம்-238 விடும் ஆல்பாத் துகளை நம் தோலே தடுத்துவிடும். தூளாகி மூச்சில் போனால்தான் வினை. 1964-இல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளின் மின்கலம் வானிலேயே எரிந்து தூளானது. அதன்பிறகுதான் எரியாமல் தரைக்கு வந்து சேரும் உறைகள் வந்தன. என்னை உறுத்துவது வேறொன்று. சீனாவை வேவு பார்க்க 1965-இல் நந்தா தேவிக்குக் கொண்டுபோன புளூட்டோனிய மின்கலம் மலையிலேயே தொலைந்தது, இன்றுவரை கிடைக்கவில்லை. எங்கே கிடந்தாலும் அது சிதைந்துகொண்டேதான் இருக்கும், நிறுத்த ஆளில்லை.

உலை இதற்கு நேரெதிர். ஓட்டாத உலையின் யுரேனியத்தில் கதிர்வீச்சு மிகக் குறைவு. ராக்கெட்டில் ஏற்றும்போது அதுதான் பத்திரம். ஓட்டிவிட்டால் பிளந்த துண்டுகள் காமாக் கதிரை வீசும், கனத்த கவசம் வேண்டும். நிறுத்திய நொடியிலும் ஆறேழு சதவீத வெப்பம் மிச்சமிருக்கும். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் கடல்நீர் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை நிறுத்தினார்கள். அந்த மிச்சச் சூட்டையும் ஆற்றினார்கள். வானில் ஓட்டியதால் வந்த வினையும் உண்டு: 1978-இல் சோவியத் செயற்கைக்கோள் ஒன்று, ஓடிய உலையோடு விழுந்து கனடாவின் பனிநிலத்தில் சிதறியது.

அதனால், கருவிகள் மட்டும் நிலவின் இரவைக் கடக்க வேண்டுமென்றால் கொஞ்சம் சூடு போதும், வெப்பமூட்டியே அனுப்பலாம். ஆட்கள் தங்கப் போகிறார்கள் என்றால் கிலோவாட் கணக்கில் வேண்டும். அதற்கு உலைதான். அதையும் அங்கே போய் இறக்கிய பிறகே ஓட்ட வேண்டும்.