வீட்டுக் கரப்பானை இனங்காணல்

கீரி போன்ற மன்னார்க் கரையோர ஊர்களில், இரவில் குசினி விளக்கைப் போட்டதும் ஓடி ஒளியும் பெரிய செம்பழுப்புப் பூச்சி பெரும்பாலும் அமெரிக்கக் கரப்பான். ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவிய இனம் இது. நீளம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். தலைக்குப் பின்னுள்ள கவசத்தின் ஓரத்தில் மங்கலான மஞ்சள் விளிம்பு தெரியும். வடிகான், மலசலகூடக் குழி, ஈர விறகு ஆகியவற்றில் தங்கி, இரை தேடியே உள்ளே வரும். இதைப் போலவே தோன்றும் அவுஸ்திரேலியக் கரப்பான் சற்றுச் சிறியது. சிறகின் தோளோரத்தில் தெளிவான மஞ்சள் கீற்று உண்டு. தோட்டத்துச் சருகுகளிலேயே அது அதிகம் வாழும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது சிறிய ஜேர்மன் கரப்பானைப் பற்றித்தான். வெளிர்பழுப்பு நிறம், ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளம், கவசத்தில் நீளவாக்கில் இரண்டு கருங்கோடுகள். சிறகு இருந்தும் பறக்காது. கடை அட்டைப்பெட்டிகளோடு வீட்டுக்குள் வரும். பெண் பூச்சி 30 முதல் 40 வரையான முட்டைகள் கொண்ட உறையைப் பொரிக்கும் தறுவாய் வரை வயிற்று நுனியில் சுமந்து திரிவதால், அதன் பெருக்கம் மிக வேகமானது. அமெரிக்கக் கரப்பானோ ஏறத்தாழ 15 முட்டைகள் கொண்ட கரும்பழுப்பு உறையைச் சுவர் இடுக்கில் ஒட்டிவிட்டுப் போய்விடும்.

அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பெரிய இனத்தின் குஞ்சும் சிறியதாகவே இருக்கும். சிறகில்லாவிட்டால் அது குஞ்சாக இருக்கலாம். அப்போது கவசத்தின் கோடுகளையே பார்க்க வேண்டும்.