ஒரே நாளில் 95 செ.மீ. மழை: ஏன்? எப்படி?

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். “இதுதான் காலநிலை மாற்றமா, டீச்சர்?” என்று வகுப்பில் ஒரு குரல் எழுந்தால் என்ன சொல்வது?

முதலில் வேறுபாட்டைச் சொல்லுங்கள். ஒருநாள் மழை வானிலை; 30 ஆண்டுச் சராசரி காலநிலை. ஒரு மழையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அடுத்து ஒரு சோதனை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை மேசையில் வையுங்கள். சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் வியர்க்கும். அது உள்ளிருந்து கசிந்த நீரல்ல. காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து துளியானது. மேகம் உருவாவதும் இப்படித்தான்.

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால், சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி அதில் தங்கும். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து, பூமியை 1 டிகிரிக்கு மேல் சூடாக்கிவிட்டோம். சூடான கடலும் கூடுதலாக ஆவியாகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றுச் சுழற்சி உருவாவது நமக்குப் புதிதல்ல. அதன் மடி கனத்திருப்பதுதான் புதிது. எல் நினோ போன்ற இயற்கைக் காரணங்களும் சில ஆண்டுகளில் சேர்ந்துகொள்ளும்.

பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு மாணவர்களே அளந்து எழுதட்டும். தாத்தா, பாட்டி கண்ட வெள்ளங்களையும் கேட்டுக் குறிக்கட்டும். பாடம் அந்த நோட்டிலிருந்தே தொடங்கட்டும்.